தலைவரின் தனிவாழ்க்கைக்கு எல்லைக்கல்

ஆலாங்காட்டுப்பாளையம் பேரூராட்சி மன்றத்தில் ஒருநாள் ஒரு கெட்ட வார்த்தை பேசப்பட்டது. பேசியது நாலாவது வார்டு கவுன்சிலர் பொற்கொடி. காதைப் பொத்திக்கொள்ளுங்கள் கண்ணுகளா, சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தை: "நல்லா இருக்காங்களா?"

நடந்தது இப்படி. மாதாந்திரக் கூட்டத்தில் குப்பை வண்டிக்கு டயர் வாங்கும் தீர்மானம் நிறைவேறி, டீயும் முறுக்கும் வந்துகொண்டிருந்தன. பொற்கொடி எழுந்து நின்றாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் வீதிக்காரர்களே நிறுத்தி ஜெயிக்க வைத்தவள். அதுவரைக்கும் மன்றத்தில் சாக்கடையைத் தவிர வேறெதையும் பற்றி அவள் வாய் திறந்ததில்லை.

"தலைவருங்க, நேத்து பொழுதோட உங்க தோட்டத்துப் பக்கமா வந்தேனுங்க. உள்ளார உங்க ஊட்டு அம்மணி கத்தற சத்தம் கேட்டுச்சுங்க. நல்லா இருக்காங்களா?"

எங்கள் பக்கத்தில் இது ஒரு கேள்வியே அல்ல. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்பது. கோர்ட்டில் எதிரெதிராக வழக்காடுகிறவர்கள்கூட ஒருத்தரையொருத்தர் இதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஆனால் மன்றத்தில் முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றுபோனது. பேரூராட்சித் தலைவர் நஞ்சுண்டன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ரோட்டப் பத்திக் கேளுங்க, சொல்றேன். தண்ணியப் பத்திக் கேளுங்க, சொல்றேன். நான் பொதுவாழ்க்கையில இருக்கறவனுங்க. ஆனா என்ற சம்சாரம் கத்தறது என்ற தனிப்பட்ட வாழ்க்கைங்க. கலியாணம் ஆன நாள்ல இருந்து கத்தறாங்க. இன்னைக்கு வரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஏன்னு கேட்டிருப்பாங்களா? அதுதானுங்க நம்ம ஊரு நாகரிகம்! அந்த நாகரிகத்த இன்னைக்கு இந்த அம்மணி கெடுத்துப்போட்டாங்க."

உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். இரண்டு பேருக்குக் கண் கலங்கிவிட்டது. பொற்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை. தான் கேட்டதில் எந்த இடத்தில் மரியாதை குறைந்தது, எந்த இடத்தில் ஒரு 'ங்க' விட்டுப்போனது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

இப்படி ஒரு அவமானம் இனி எந்தத் தலைவருக்கும் நேரக்கூடாது என்று அன்றைக்கே ஒரு குழு போட்டார்கள். பெயர், தலைவர்களின் தனிவாழ்க்கை எல்லை நிர்ணயக் குழு. அதற்குத் தலைமை, ஓய்வு பெற்ற வட்டாட்சியர் சென்னியப்பன்.

சென்னியப்பனைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலைக்காலம் முழுக்க வரப்புத் தகராறும் தடத்துத் தகராறும் தீர்த்த மனிதர். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே கல் நட்டவர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நடுவேயும் அவரே போய் நட்டவர். உலகத்தில் கல் நட்டுத் தீர்க்க முடியாத சிக்கல் ஒன்றும் கிடையாது என்பது அவருடைய கொள்கை.

"அரசியல்வாதியோட தனிவாழ்க்கை எங்க முடியுது, பொதுவாழ்க்கை எங்க ஆரம்பிக்குதுன்னு சென்னையில பேசறாங்க, டில்லியில பேசறாங்க, டிவியில தெனமும் கத்தறாங்க. யாராச்சும் ஒருத்தர் டேப்பு எடுத்துட்டுப் போயி அளந்தாங்களாங்க?" என்று கேட்டார்.

யாரும் அளக்கவில்லைதான்.

முதல் அளவை தலைவருடைய தோட்டத்தில். தென்னந்தோப்பு, வீடு, கிணற்றுமேடு, மாட்டுச்சாளை எல்லாம் சேர்த்து ஏழு ஏக்கர். சுற்றி ஆள் உயரத்துக்கும் மேலே மதில். மதில்மேல் கண்ணாடிச் சில்லு. புகார் கிளப்பியவர் முன்னிலையில் அளப்பதுதான் முறை என்று பொற்கொடியை வரவழைத்து டேப்பின் ஒரு முனையைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்தவள், வெயிலில் தென்னைக்குத் தென்னை நடந்தாள்.

"சுவரு எதுவரைக்குமோ தனிவாழ்க்கை அதுவரைக்கும். எழுதிக்கப்பா," என்றார் சென்னியப்பன், கூட வந்த சர்வேயரிடம்.

"ஏனுங்க சார், அன்னைக்குச் சத்தம் சுவத்தத் தாண்டி ரோட்டுக்கு வந்துச்சுங்களே?" என்றாள் பொற்கொடி.

"சத்தத்துக்குப் பட்டா கிடையாதுங்க அம்மணி. டேப்ப இழுத்துப் புடிங்க."

நான்கு மூலைக்கும் கல் நட்டு, மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்தார்கள். கல்லில் கறுப்பு எழுத்தில், தனிவாழ்க்கைக்குச் சுருக்கமாக 'த.வா.' என்று எழுதியிருந்தது. வந்தவர்களுக்குத் தலைவரின் மனைவி பிந்து மோர் கொண்டுவந்தார். ஆனைமலைப் பக்கத்துப் பெண். முகத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் மஞ்சள் தடிப்பாக அப்பியிருந்தது. பொற்கொடி வாயைத் திறந்தாள். "அம்மணி, கல்லுக்கு உள்ளார நிக்கறீங்க," என்று ஞாபகப்படுத்தினார் சென்னியப்பன். பொற்கொடி மோரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். பிந்து அவளைப் பார்த்த பார்வை மட்டும் டேப்புக்குச் சிக்காமல் வெளியே வந்துவிட்டது.

அதன்பிறகு தலைவருடைய தனிவாழ்க்கை நாளொரு பக்கம் வளர்ந்தது. கறுப்புக் கண்ணாடி ஒட்டிய அவருடைய கார், நகரும் தனிவாழ்க்கை. கொடுமுடியில் காவிரியைப் பார்த்தபடி ஒரு விடுதி அறை. அங்கே மாதத்துக்கு இருமுறை தலைவர் தியானம் செய்வார். தியானத்துக்குத் துணைக்கு வருவது யாரென்று சர்வேயர் ஏதோ பேச்சுவாக்கில் கேட்டார். அடுத்தநாள் அளக்க வேறு சர்வேயர் வந்தார். அந்த அறை வாசலிலும் சின்னதாக ஒரு கல் நடப்பட்டது. விடுதிக்காரர் அதை மிதியடி ஓரமாக வைத்துக்கொண்டார்.

குழு என்றால் நடுநிலை வேண்டுமே. மற்ற உறுப்பினர்களையும் அளந்தார்கள். பத்து சென்ட் வைத்திருந்தவருக்குப் பத்து சென்ட் தனிவாழ்க்கை. மாடி வீட்டுக்காரருக்கு மாடியிலும் கொஞ்சம். கடைசியில் பெரியதடம் வீதிக்கு, பொற்கொடியின் வீட்டுக்கு வந்தார்கள்.

ஒரே அறை. பின்னால் தகரம் போட்ட சமையல் சாய்ப்பு. முன்படியில் கால் வைத்தால் அடுத்த கால் தார்ரோட்டில். மதில் இல்லை. சர்வேயர் டேப்பை நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்களுக்குத் தனிவாழ்க்கை வரலீங்க அம்மணி. கொஞ்சம்கூட வரல."

பொற்கொடியின் கணவன் சாமுவேல் எண்ணெய் மில் டெம்போ ஓட்டுகிறவன். எதையும் சிரித்துக்கொண்டே கேட்பான். "ஏனுங்க சார், கலியாணம் பண்ணி ரெண்டு புள்ளைங்களப் பெத்துக் காலேஜுக்கு அனுப்பிப்போட்டோம். இத்தன வருசமா நாங்க குடும்பம் நடத்துனது எங்கீங்க?"

"பொதுவாழ்க்கையிலதானுங்க," என்றார் சென்னியப்பன், மனம் வருந்தி.

அடுத்த மன்றக் கூட்டத்தில் தெருவிளக்கு, குடிநீர் எல்லாம் ஒத்திவைக்கப்பட்டு, பொற்கொடி எடுத்துக்கொள்ளப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக் கறிக்குழம்பு வாசனை ரோட்டைத் தாண்டி எதிர்வீடு வரை போவது ஏன்? கணவன் பொதுக்குழாயில் மனைவியின் சேலையைத் துவைப்பது எந்த வகையில் பேரூராட்சிக்குப் பெருமை? காலையில் கணவனோடு சர்ச்சுக்குப் போகிற கவுன்சிலர், அமாவாசைக்கு ஆனைமலை மாசாணியம்மனுக்கும் போகிறாரே, ஒரு உறுப்பினருக்கு எத்தனை சாமி அனுமதி? இதற்கெல்லாம் அடுத்த கூட்டத்தில் விளக்கம் தரவேண்டும். விளக்கம் திருப்தி இல்லையென்றால் பதவியைப் பறிக்க மேலிடத்துக்கு எழுதப்படும் என்று தீர்மானம் ஆயிற்று. யாருக்குத் திருப்தி என்று தீர்மானத்தில் இல்லை.

அதோடு விட்டார்களா? பொதுவாழ்க்கையைப் பார்வையிடப் பொதுமக்களுக்கு வசதி வேண்டாமா? பொற்கொடியின் வாசலுக்கு நேர் எதிரே, ரோட்டோரப் பொறம்போக்கில், ஒரு சிமெண்ட் பெஞ்சு போட்டார்கள். முதுகுச் சாய்மானத்தில் 'பொதுமக்கள் பார்வைக்காக. உபயம்: பேரூராட்சித் தலைவர் நஞ்சுண்டன்' என்று பச்சை எழுத்து. திறந்து வைக்கத் தலைவரே வந்தார். மைக் வைத்திருந்தார்கள்.

"பொதுவாழ்க்கைன்னா கண்ணாடி மாதிரி இருக்கோணுமுங்க! ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லாதவங்க எதுக்குங்க கதவச் சாத்தோணும்? நான் இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் முன்னாலயும் என்ற ஊட்டுக் கதவச் சாத்துனதில்லீங்க. ஏன்னா, கேட்டுல இருந்து ஊட்டுக் கதவு கண்ணுக்கே தெரியாது!"

கைதட்டினார்கள். அன்று முதல் பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். பொற்கொடி தலை சீவினால் பார்த்தார்கள். சாமுவேலோடு ஏதோ சொல்லிச் சிரித்தால், எதற்குச் சிரிப்பு என்று சத்தமாக விசாரித்தார்கள். சின்ன மகனிடம் போனில் பேச அவள் சமையல் சாய்ப்புக்குள் போய்க் குனிந்து உட்காரவேண்டியிருந்தது. ஜன்னலுக்குத் துணி கட்டியதற்கு ஒரு நோட்டீஸ் வந்தது.

"எழுதிக் குடுத்துப்போட்டு வந்துரலாமாங்க?" என்று ஒருநாள் அவள் சாமுவேலைக் கேட்டாள். "எனக்கு இந்தக் கவுன்சிலரு வேலையே வேண்டாமுங்க. நான் என்ன கேட்டுப்போட்டேன்? நல்லா இருக்காங்களான்னு கேட்டேன்."

சாமுவேல் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எழுதிக் கொடுத்திருப்பாள். பேனாவைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் வீதி முனையில் பேச்சு அடங்கியது. தலைவர் மனைவி பிந்து நடந்து வந்துகொண்டிருந்தார். காரில் இல்லை, நடந்து. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். அந்தக் கை முழங்கைக்குக் கீழே, கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்கள். பொதுமக்கள் பார்வைக்கு அவர் வரமாட்டார் அல்லவா.

பிந்து படியேறி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொற்கொடி கொடுத்த தண்ணீரை இடது கையால் வாங்கிக் குடித்தார்.

"அன்னைக்கு மீட்டிங்குல நீங்க கேட்டீங்களாமா, நான் நல்லா இருக்கனான்னு. டிரைவர் சொன்னாருங்க. அதுக்குப் பதில் சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

"சொல்லுங்கம்மா."

"நல்லா இல்லீங்க," என்றார் பிந்து.

சாமுவேல் டெம்போவை எடுத்தான். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். வருகிற வழியில் போலீஸ் ஸ்டேஷனில் இறங்கினார்கள். எழுத்தர் மாவுக்கட்டைப் பார்த்தார், பிந்துவைப் பார்த்தார், எழுந்து நின்று நாற்காலி போட்டார். புகாரை மட்டும் வாங்கவில்லை.

"தலைவர் தோட்டத்துக்குள்ள நடந்ததுங்களா? அது கல்லு நட்ட எடமுங்களே அம்மணி. த.வா. அதுக்குள்ள எங்களுக்கு எல்லை வராதுங்க. வெளிய எங்காச்சும் அடிச்சிருந்தா சொல்லுங்க, உடனே எழுதிக்கறேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கும் இதுவரை எழுதும்போது சிரிப்பு வந்தது. இந்த இடத்தில் வரவில்லை.

பிந்து பொற்கொடி வீட்டிலேயே தங்கினார். செய்தி தோட்டத்துக்குப் போனபோது நஞ்சுண்டன் கேட்ட முதல் கேள்வி, "அந்த வீதிக்கா போனா?" கை எப்படி இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வியாகவும் வரவில்லை.

மறுநாள் காலை குழு ஜீப்பில் வந்து இறங்கியது. சென்னியப்பன், சர்வேயர், சுருட்டிய டேப்பு. வீதியே கூடிவிட்டது. சென்னியப்பன் கும்பிட்டுவிட்டுத்தான் பேசினார். மரியாதைக்கு அவரிடம் என்றைக்கும் குறைவில்லை.

"பொற்கொடி அம்மணி, தலைவரோட தனிவாழ்க்கையில ஒரு பகுதி எல்லை தாண்டி உங்க ஊட்டுக்குள்ள வந்திருச்சுங்க. நம்ம பக்கத்துல வரப்புத் தாண்டி ஒரு மாடு வந்துருச்சுன்னா என்னங்க பண்ணுவோம்? கட்டி வெச்சுக்குவோமா? புடிச்சுட்டுப் போயி உரியவங்ககிட்ட ஒப்படைப்போம். அதுதானுங்களே மொறை."

எதிர்வீட்டுப் பாவாத்தாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வயதில் அந்த வீதிக்கே மூத்தவள், வாயிலும்.

"ஏனுங் சாமி, மாட்டுக்கு இப்பிடிக் காலொடிஞ்சிருந்தா ஊரே தெரண்டு போயி உரியவன் சட்டையப் புடிச்சிருக்குமே? நீங்க டேப்பு எடுத்துட்டு வந்திருக்கறீங்க?"

"அம்மா, இது சட்டப் பிரச்சினைங்க."

"நீங்க படுத்துக்கற பாயக்கூட டேப்பு வெச்சு அளந்துதான் விரிப்பீங்களாட்ட இருக்குது!"

கூட்டம் சிரித்தது. பொற்கொடி சிரிக்கவில்லை. வாசற்படியில் வந்து நின்றாள். அத்தனை நாளாக அந்த பெஞ்சுக்குப் பயந்து குனிந்து குனிந்து நடந்தவள் அன்றைக்குத்தான் நிமிர்ந்து நின்றாள் என்று பாவாத்தாள் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சார், எங்க ஊட்டுல தனிவாழ்க்கை கொஞ்சம்கூட வரலைன்னு யாருங்க சொன்னது?"

"குழுதானுங்க சொல்லுச்சு."

"எங்க சட்டியில என்ன வேகுது, நான் எந்தச் சாமியக் கும்படறேன், என்ற ஊட்டுக்காரரு யாரு சேலையத் தொவைக்கறாரு, எல்லாம் பொதுன்னீங்க. அப்ப இந்த ஊட்டுக்குள்ள உக்காந்திருக்கற அந்த அம்மாவும் பொது. அந்தக் கையும் பொது. அத ஒடச்சது யாருன்னு அவங்க இங்க உக்காந்து சொன்னா அதுவும் பொதுதானுங்களே? கொழம்பு வாசத்துக்கு ஊரக் கூட்டி விசாரிச்சீங்க. இதுக்கு விசாரிங்க. பெஞ்சு போட்டிருக்கறீங்கல்ல, வந்து உக்காந்து பாருங்க!" பெஞ்சை நோக்கிக் கை நீட்டினாள். "ஒருத்தர் என்ன திங்கறாரு, யாரப் புடிச்சுக் கட்டிக்கறாருங்கறது ஊருக்கு எதுக்குங்க? ஆனா ஒரு பொம்பள கை ஒடிஞ்சா அது ஊருச் சமாச்சாரமுங்க. அத அளக்கறதுக்கு டேப்பு வேண்டாமுங்க சார்."

சென்னியப்பன் உத்தரவுக் காகிதத்தை எடுத்து மறுபடி படித்தார். நியாயம் புரிந்ததால் அல்ல. தன்னுடைய உத்தரவில் ஒரு ஓட்டை இருப்பதை அவர் வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்கிறார். ஜீப்புக்குப் போய்த் தலைவரோடு போனில் பேசினார். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருந்தது.

"சந்தோஷமான செய்திங்க அம்மணி. உங்களுக்குத் தனிவாழ்க்கை சேங்ஷன் ஆயிருச்சுங்க!"

மதியத்துக்குள் ஒரு லோடு செங்கல், ஒரு லோடு மணல், சிமெண்ட் மூட்டைகள், ஆறு கொத்தனார்கள். அந்த வீதிச் சாக்கடைக்கு ஒரு மூடி கேட்டுப் பொற்கொடி மன்றத்தில் தொண்டை வற்றியவள். அதற்கு நிதி இல்லை, டெண்டர் இல்லை, ஆள் இல்லை என்றவர்கள், ஒரே மதியத்தில் அவள் வீட்டைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். மதில் இடுப்பு உயரம் வந்தது. நெஞ்சு உயரம் வந்தது. தலைவர் வீட்டு அளவுக்கே உயர்த்தச் சொல்லி உத்தரவாம். எல்லோரும் சமம் இல்லையா.

சாமுவேல் வேலையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்டான். "போக வர கேட்டு எங்கீங்க வருது?"

கொத்தனார் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேட்டு போடலீங்களே," என்றார்.

உள்ளே பிந்து எழுந்தார். நாற்காலியை ஒதுக்கி வைத்தார். மாவுக்கட்டை மூடியிருந்த சேலைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினார். மதிலில் கடைசியாக அடைக்கவேண்டிய சந்து ஒன்று மிச்சம் இருந்தது. செங்கல்லோடு நின்ற கொத்தனார், அவரைப் பார்த்ததும் தானாக விலகிக்கொண்டார்.

பிந்து ரோட்டைக் கடந்து, அந்தச் சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் தன் புருஷன் பேர். ஒடிந்த கையை மடியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

சென்னியப்பன் பதறிப்போய்ச் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் டேப்பை எடுக்கவே இல்லை.

"அது ரோட்டுப் பொறம்போக்குங்க சார். யாரு பேர்லயும் பட்டா இல்லீங்க."

பாவாத்தாள்தான் முதலில் போனாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"ஏங் கண்ணு, நல்லா இருக்கறீங்களா?"

"இல்லீங்க," என்றார் பிந்து. சொல்ல ஆரம்பித்தார். முதல் அடியில் இருந்து ஆரம்பித்தார்.

கேட்டவர்கள் நகரவில்லை. வெள்ளகோவில் போகிற டவுன் பஸ் கூட்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, "நல்லா இருக்கறீங்களாம்மா?" என்றார். பிந்து மறுபடி முதலில் இருந்து சொன்னார். பயணிகள் இறங்கி வந்தார்கள். கொத்தனார்கள் கரண்டியோடு மதிலை விட்டு இறங்கி வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். எல்லோருக்கும் அவர் அதே பதிலைச் சொன்னார். பொழுது இறங்குவதற்குள் ஸ்டேஷன் எழுத்தரே நோட்டோடு வந்து நிற்கவேண்டியதாயிற்று. சொன்னது ரோட்டில், கேட்டது ஒரு பஸ் நிறைய ஆட்கள். எல்லை வராது என்று சொல்ல அவருக்கு இடம் இல்லை.

வழக்கு நடக்கிறது. நஞ்சுண்டன் இன்னமும் தலைவர்தான். ஜாமீனில் வந்த அன்றைக்கு மாலை போட்டார்கள். பொற்கொடியின் பதவியைப் பறிக்க எழுதிய காகிதம் எங்கேயோ மேலே போய்க்கொண்டிருக்கிறது. அவள் மன்றத்துக்குப் போய்ச் சாக்கடை மூடி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிந்து அதே வீதியில் ஒரு அறை பிடித்து, கை கூடியதும் கம்பெனிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். முடியாத மதில்மேல் வீதிப் பெண்கள் துணி காயப்போடுகிறார்கள்.

கடைசியாக நடந்த மன்றக் கூட்டத்தில் ஒரு அவசரத் தீர்மானம். பேரூராட்சி எல்லைக்குள் எந்தப் பெண்ணையும் பொது இடத்தில் 'நல்லா இருக்கீங்களா' என்று முன்அனுமதி இன்றிக் கேட்கக்கூடாது. ஒரே ஒருத்தி எதிர்த்துக் கை தூக்க, மற்ற எல்லோருடைய ஆதரவோடும் நிறைவேறியது. முடிந்ததும் டீயும் முறுக்கும் வந்தன.

அந்த ஊர் வழியாகப் போனால் இறங்குங்கள், கண்ணுகளா. பச்சை எழுத்துப் போட்ட பெஞ்சு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதில் எந்தப் பெண் உட்கார்ந்திருந்தாலும் சரி, கிட்டப் போய்க் கேளுங்கள். மதிலுக்குப் பின்னால் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிடாதீர்கள். பதில் வருகிற வரைக்கும் நில்லுங்கள்.